அடுத்த பகுதி எப்ப வரும்?

போன கோடையில் பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தேன். திருத்தணியில் பஸ் மாறி ஊருக்குள் நுழையும்போதே தறிச்சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். மாமா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வயது எழுபத்தாறு. அவருடைய அப்பா குழித்தறியில் நெய்தவர். அந்த நெசவு வாழ்க்கையைப் பற்றி மாமா சில வருஷமாக எழுதிக்கொண்டு வருகிறார். மொத்தம் நாற்பது அத்தியாயம் என்று திட்டம். அன்றைக்கு இருபத்தேழு முடிந்திருந்தது.

புத்தகம் போட அவருக்கு அவசரமில்லை. "முதல்ல படிக்கிறவங்களுக்குப் போய்ச் சேரட்டும்ப்பா. வாரம் ஒண்ணு. லெட்டர் மாதிரி" என்றார். பழைய மாணவர்கள், கூட வேலை பார்த்த ஆசிரியர்கள், வெளியூர் போய்விட்ட உறவுக்காரர்கள் என்று ஒரு நீளநோட்டில் மின்னஞ்சல் முகவரிகளை எழுதி வைத்திருந்தார். இருநூறு சொச்சம் இருக்கும்.

இருபது வருஷமாக மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன் நான். என்னிடம் இப்படி ஒன்றைக் கொடுத்தால் என்ன சொல்வேன்? "வாரா வாரம் நீங்க அனுப்பவே வேணாம் மாமா. ஒருதடவை எல்லாத்தையும் ஏத்தி வெச்சிட்டா அதுவே அனுப்பிக்கும்" என்றேன். சேர்ந்த அன்றைக்கு ஒரு வரவேற்புக் கடிதம். மூன்றாம் நாள் முதல் அத்தியாயம். அப்புறம் ஏழு நாளுக்கு ஒன்று. இன்றைக்குச் சேர்கிறவருக்கும் அடுத்த வருஷம் சேர்கிறவருக்கும் அவரவர் கணக்குப்படி ஒன்றாம் அத்தியாயத்திலிருந்தே தொடங்கும்.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "அப்ப, நான் போயிட்டாலும் இது போய்க்கிட்டே இருக்குமா?"

"இருக்கும் மாமா. கார்டுல பணம் இருக்கிற வரைக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தொழில்நுட்பப் பதில் சரிதான். ஆனால் அவர் கேட்டது அது இல்லை என்று பட்டது. நாற்பது வரும் என்று சொல்லிவிட்டு இருபத்தேழோடு நின்றால், சொன்ன வார்த்தை என்ன ஆகும்? வாசகருக்குத் தவணை முறையில் எழுத்தை அனுப்பிய எல்லோருக்கும் இந்தக் கேள்வி இருந்திருக்கும். அவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்ததன் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

கையொப்பம்

முதலில் ஒரு சொல். இன்றைக்கு நாம் 'சந்தாதாரர்' என்கிறோம். 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்பாளர்களிடம் இதற்கு அழகான வேறு ஒரு சொல் இருந்தது: கையொப்பக்காரர். ஒரு நூலை அச்சிடப் பணம் வேண்டும். வள்ளல்களை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாது. அதனால் அச்சுக்கு முன்பே ஊர் ஊராகப் போய், "இந்த நூல் வந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று ஆட்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பிறகு சீவக சிந்தாமணிக்குள் இறங்கிய உ.வே.சாமிநாதையர், 1887-ல் அதை அச்சில் கொண்டுவருவதற்குள் இப்படிக் கையொப்பம் சேர்ப்பதற்கும் அலைய வேண்டியிருந்தது. 'என் சரித்திர'த்தில் அந்த அலைச்சல் பதிவாகியிருக்கிறது.

இன்றைய மின்னஞ்சல் பட்டியலிலும் இதே விதி இருக்கிறது. நோட்டில் முகவரி இருக்கிறது என்பதற்காக நாமே சேர்த்துவிடக் கூடாது. "உங்களுக்கு இது வேண்டுமா?" என்று ஒரு கடிதம் போக வேண்டும். அவர் உள்ளே இருக்கும் இணைப்பைத் தொட்டு 'ஆமாம்' என்று சொன்ன பிறகுதான் வரிசை தொடங்க வேண்டும். மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாம் நம்ம பசங்கதானே, இதுக்கு எதுக்குப் போய்க் கேட்டுக்கிட்டு?" என்றார். கையொப்பக்காரர் கதையைச் சொன்னேன். தமிழாசிரியர் அல்லவா, சாமிநாதையரைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

கையொப்பம் என்பது இரண்டு பக்க வாக்குறுதி. வாங்குகிறேன் என்று ஒருவர், கொடுக்கிறேன் என்று இன்னொருவர். ஒரே நூல் என்றால் ஒரே தடவையில் கணக்குத் தீர்ந்துவிடும். பல வருஷத்துக்குப் பகுதி பகுதியாக வர வேண்டிய நூலாக இருந்தால்? அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கல்கத்தாவில் நூறு பகுதிகள்

1883-ல் கல்கத்தாவில் பிரதாப் சந்திர ராய் என்கிற பதிப்பாளர் மகாபாரதம் முழுவதையும் ஆங்கிலத்தில் கொண்டுவரத் தொடங்கினார். ஏற்கெனவே வங்காளியில் ஒரு மகாபாரதத்தைப் பதிப்பித்து, அதை இலவசமாகக் கொடுப்பதற்கென்றே 'தாதவ்ய பாரத காரியாலயம்' என்று ஓர் அமைப்பை நடத்திவந்தவர். 'தாதவ்ய' என்றால் கொடுக்கத்தக்கது, தானம் என்று பொருள். ஆங்கில நூல் மொத்தமாக வரவில்லை. மெல்லிய பகுதிகளாக, ஒன்றன்பின் ஒன்றாக அச்சாகி, தபாலில் இந்தியாவுக்குள்ளும் வெளிநாடுகளுக்கும் போனது. மொத்தம் 100 பகுதிகள். முடிய 1896 ஆனது. பதின்மூன்று வருஷம்!

மொழிபெயர்த்தவர் கிசாரி மோகன் கங்குலி. ஆனால் பகுதிகளின் முகப்பில் அவர் பெயர் இல்லை. பின்னாளில் எழுதிய முன்னுரையில் காரணத்தை அவரே விளக்குகிறார். பெயரைப் போட வேண்டும் என்றவர் ராய். வேண்டாம் என்றவர் கங்குலி. இது பல வருஷ வேலை. முடிப்பதற்குள் நான் செத்துப்போகலாம். சாவு இல்லாவிட்டாலும் வேறு காரணத்தால் இந்த வேலையிலிருந்து விலக நேரலாம். அப்போது அடுத்தடுத்த பகுதிகளின் முகப்பில் மொழிபெயர்ப்பாளர் பெயர் மாறிக்கொண்டே போனால் நன்றாக இருக்காது. இதுதான் அவர் வாதம். கடைசியில் ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். முதல் பகுதியில் இரண்டு முன்னுரை. ஒன்று பதிப்பாளர் கையெழுத்தோடு. இன்னொன்று 'மொழிபெயர்ப்பாளர் முன்னுரை' என்ற தலைப்பு மட்டும், பெயர் இல்லாமல்.

இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மாமா திண்ணையில் கேட்ட அதே கேள்வியை கங்குலி முதல் பகுதி வெளியாவதற்கு முன்பே தனக்குத்தானே கேட்டிருக்கிறார். அவர் கண்ட விடை: தொடர் முக்கியம், நான் முக்கியமில்லை. நான் நடுவில் போனாலும் வாசகனுக்கு அது தெரியாதபடி அடுத்த பகுதி போக வேண்டும்.

நடந்தது வேறு. கங்குலி உயிரோடு இருந்து முழுவதையும் முடித்தார். நடுவில் போனது ராய். 1895 ஜனவரியில், இன்னும் சில பகுதிகள் பாக்கி இருக்கும்போது அவர் இறந்துபோனார். பாக்கிப் பகுதிகளைக் கொண்டுவந்து 1896-ல் நூலை நிறைவு செய்தவர் அவர் மனைவி சுந்தரி பாலா ராய். அப்படியும் கங்குலிக்கு ஒரு நஷ்டம் இருந்தது. முகப்பில் பெயர் இல்லாததால் நெடுநாள் நூலகங்களிலும் மேற்கோள்களிலும் அது 'ராயின் மொழிபெயர்ப்பு' என்றே அறியப்பட்டது. தொடர் பிழைத்தது. பெயர் தொலைந்தது.

தபால்காரர் காலத்துக் கணக்கு

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல வேண்டும். என் தொழில் புத்தி அங்கேதான் முதலில் போனது.

வாரப் பத்திரிகை என்றால் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே இதழ். நடுவில் சேர்கிறவர் நடுவிலிருந்து படிக்க வேண்டியதுதான். பகுதி பகுதியாக வரும் நூல் அப்படியில்லை. ஐம்பதாம் பகுதி வரும்போது ஒருவர் புதிதாகச் சேர்ந்தால், அவருக்கு முதல் நாற்பத்தொன்பதையும் கொடுத்தாக வேண்டும். அப்படியானால் முதல் பகுதியை அச்சடிக்கும்போதே, பத்து வருஷம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஊகிக்க வேண்டும். அதிகம் அடித்தால் காகிதச் செலவும் இடமும் பாழ். குறைவாக அடித்தால் பின்னால் வருகிறவருக்கு முழு நூல் கிடையாது. ஒரே ஒரு பகுதி தீர்ந்துபோனாலும் மீதி அத்தனையும் ஊனம்.

பணம் வசூலிப்பது இன்னொரு தலைவலி. 1877-ல் இந்தியத் தபால்துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. தபால்காரர் கட்டைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வார். பதிப்பாளருக்கு அது மணியார்டரில் வந்து சேரும். தமிழ்ப் புத்தக வியாபாரத்தையே மாற்றிய ஏற்பாடு இது. பட்டணத்துக்கு வராமலே கிராமத்து ஆள் புத்தகம் வாங்க முடிந்தது. ஆனால் கட்டு வரும் நாளில் ஆள் ஊரில் இல்லை, கையில் காசு இல்லை, அல்லது மனசு மாறிவிட்டது என்றால் கட்டு திரும்பிவிடும். போன செலவு பதிப்பாளர் தலையில். இரண்டு வருஷம் கழித்து 1879-ல் காலணா தபால் கார்டு வந்தது. "அடுத்த பகுதி எப்போது வரும்?" என்று கேட்பதும், "முகவரி மாறிவிட்டது" என்று சொல்வதும் மலிவானது.

மின்னஞ்சல் வரிசை இதில் முதல் சிக்கலை அடியோடு ஒழித்துவிட்டது. பழைய பகுதி தீரவே தீராது. பத்து வருஷம் கழித்து வருகிறவருக்கும் ஒன்றாம் பகுதி புதுசாகவே போகும். இரண்டாவது சிக்கல் மட்டும் உருவம் மாறி இருக்கிறது. திரும்பி வரும் மின்னஞ்சல்கள் அதிகமானால், பெரிய நிறுவனங்களின் அஞ்சல் பெட்டிகள் நம்மைச் சந்தேகப் பட்டியலில் போட்டுவிடும். அதனால் செத்த முகவரிகளை அவ்வப்போது களைய வேண்டும்.

கும்பகோணத்தில் கால் நூற்றாண்டு

ராயின் நூல் முடிந்து சில வருஷத்தில் கும்பகோணத்தில் ஒருவர் இதே வேலையைத் தமிழில் தொடங்கினார். மணலூர் வீரவல்லி இராமாநுஜாசாரியார். கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். மூல வடமொழி பாரதம் முழுவதையும் வரிவிடாமல் தமிழ் உரைநடையில் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். தானே மொழிபெயர்க்கவில்லை. வடமொழிப் பண்டிதர்கள் பலரை அமர்த்தி மொழிபெயர்க்க வைத்து, தான் பதிப்பாசிரியராக இருந்தார். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தொடங்கி, பர்வம் பர்வமாகக் கொண்டுவந்து, 1932-ல் முடித்தார். சுமார் 9000 பக்கம். கால் நூற்றாண்டு!

கால் நூற்றாண்டு என்பதை ஒரு வாசகர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஆதிபர்வம் வந்தபோது முப்பது வயதில் பெயர் கொடுத்தவருக்குக் கடைசிப் பர்வம் வரும்போது ஐம்பத்தைந்து. அறுபதில் கொடுத்தவர் அநேகமாக இல்லை. இடையில் ஒரு உலகப்போர் வந்துபோனது. காகித விலை ஏறியது. பண்டிதர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். பட்டியலில் ஆள் குறையக் குறைய ஒரு பிரதிக்கான செலவு கூடும். விலையை ஏற்றினால் இன்னும் ஆள் குறையும். இராமாநுஜாசாரியார் இதற்காகக் கடனாளியாகவும் ஆனார்.

நிறுத்தியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் முதல் பர்வத்தை வாங்கியவன் வீட்டில் அது ஒற்றைப் பர்வமாகவே கிடந்திருக்கும். முழுதாக இல்லாத பாரதத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? அந்தக் கடனையும் ஒரு கடனாகக் கருதினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் முடித்ததால்தான் இன்றைக்கும் கும்பகோணம் பதிப்பு மறுபதிப்பாக வாங்கக் கிடைக்கிறது. 1940-ல் அவர் காலமானார். வேலை முடிந்து எட்டு வருஷம் இருந்திருக்கிறார்.

நின்றுபோனவை

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. தமிழில் பாதியில் நின்ற தொடர்களுக்கு ஒரு பெரிய பட்டியலே போடலாம். எனக்கு முக்கியமாகப் படுபவை மூன்று.

பாரதியின் 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912-ல் வந்தது. இரண்டாம் பாகம் அச்சில் வந்தது 1924-ல், அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து. முதல் பாகத்தை வாங்கியவர், துகில் உரியும் கட்டத்துக்குப் போகப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. தன் எழுத்தையெல்லாம் வரிசையாகப் புத்தகங்களாக்க வேண்டும் என்று 1920-ல் நண்பர்களுக்குப் பாரதி சுற்றறிக்கை அனுப்பிப் பணம் கேட்டார். எதிர்பார்த்த ஆதரவு வரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் அவரும் போய்விட்டார். அவர் நூல்களை வெளியிடும் வேலையைப் பிறகு கையில் எடுத்தவர் செல்லம்மா பாரதி.

சாமிநாதையர் 1940 ஜனவரியிலிருந்து ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதினார். வாராவாரம். அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயது நெருங்கிவிட்டது. 1942 ஏப்ரல் 28-ல் அவர் மறைந்தபோது 122 அத்தியாயத்தோடு அது நின்றது. கதை 1890-களின் கடைசியைத்தான் எட்டியிருந்தது. மீதி நாற்பது சொச்சம் வருஷத்தை அவர் குரலில் நாம் கேட்கவே முடியாது. மாணவர் கி.வா.ஜகந்நாதன் பின்னாளில் 'என் ஆசிரியப்பிரான்' எழுதி அந்த இடைவெளியை முடிந்தவரை நிரப்பினார்.

கல்கி 1954 டிசம்பர் 5-ல் இறந்தபோது 'அமரதாரா' ஓடிக்கொண்டிருந்தது. அவர் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை முடித்தார். 'பொன்னியின் செல்வன்' தப்பித்தது. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் முடிந்துவிட்டது. பின்னாளில் கல்கி பத்திரிகை அதைத் திரும்பத் திரும்ப முதல் அத்தியாயத்திலிருந்தே வெளியிட்டது. நான் மேலே சொன்ன 'நடுவில் சேர்கிறவர்' சிக்கலுக்கு அச்சுக் காலத்தில் கண்டுபிடித்த தீர்வு அது: தலைமுறைக்கு ஒருமுறை தொடரையே முதலிலிருந்து ஓட்டு!

இந்த வரிசையில் ஒன்றைக் கவனித்தீர்களா? எழுதுகிறவர் அல்லது பதிப்பிக்கிறவர் போன பிறகு தொடரைக் கரை சேர்த்தவர்கள் ஒரு மனைவி, இன்னொரு மனைவி, ஒரு மாணவர், ஒரு மகள். அச்சுக்கூடமோ தபால்துறையோ அதைச் செய்யவில்லை. அவை கொடுத்ததைச் சுமந்தன. அவ்வளவுதான்.

நம் காலத்தில்

இணையத்தில் இந்தக் கதை திரும்ப நடந்தது, அதுவும் மகாபாரதத்தை வைத்தே. கங்குலியின் அதே ஆங்கில நூலை செ.அருட்செல்வப்பேரரசன் 2013-ல் தன் வலைத்தளத்தில் தமிழாக்கத் தொடங்கி, 2020-ல் முழுவதையும் முடித்தார். ஜெயமோகன் 2014 ஜனவரி 1-ல் 'வெண்முரசு' தொடங்கி, நாள்தோறும் ஒரு அத்தியாயமாக 26 நாவல்கள் எழுதி 2020 ஜூலையில் நிறைவு செய்தார். நானும் அந்த வாசகர்களில் ஒருவன். நள்ளிரவு தாண்டியதும் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. இராமாநுஜாசாரியாரின் வாசகர்கள் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காத்திருந்த மாதிரி.

தமிழ் வலைப்பதிவு உலகத்தில் அப்போது பலரும் நம்பியிருந்த ஒரு கருவி கூகுளின் ஃபீட்பர்னர். பக்கவாட்டில் ஒரு சின்னப் பெட்டி. மின்னஞ்சலைக் கொடுத்தால் புதுப் பதிவு வரும்போதெல்லாம் தானாக அஞ்சல் வரும். 2021 ஜூலையோடு அந்த மின்னஞ்சல் வசதியைக் கூகுள் நிறுத்தியது. பட்டியலைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொன்னார்கள். அந்த அறிவிப்பைக் கவனிக்காமல் விட்ட பதிவர்களுக்குப் பல வருஷமாகச் சேர்ந்த வாசகர் பட்டியல் ஒரே நாளில் இல்லாமல் போனது. எழுதுகிறவரும் இருந்தார், படிக்கிறவரும் இருந்தார், நடுவில் இருந்த இயந்திரம் செத்தது. ராயின் கதை தலைகீழாக.

திண்ணைக்குத் திரும்பி

மறுநாள் காலையில் மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கங்குலி கதை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் வேலையை ஆரம்பித்தோம்.

முதல் முடிவு அவருடையது. "நாற்பதுன்னு சொல்ல வேணாம். கையில இருக்கிற இருபத்தேழு மட்டும் சொல்லு." வரவேற்புக் கடிதத்தில் அப்படியே எழுதினோம்: எழுதி முடித்தவை இருபத்தேழு, அவை கட்டாயம் வரும், அதற்கு மேல் எழுத எழுத வரும். வரிசையின் கடைசியில் ஒரு முடிவுக் கடிதமும் வைத்தோம். இருபத்தேழு முடிந்தவருக்குச் சத்தமில்லாமல் நின்றுபோகக் கூடாது, "இத்தோடு என் கையில் இருப்பது தீர்ந்தது" என்று ஒரு வார்த்தை போக வேண்டும் என்றார். புது அத்தியாயம் எழுதினால் அந்தக் கடிதத்துக்கு முன்னால் செருகிவிடுவேன்.

இரண்டாவது, பட்டியல் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை பெயர், முகவரி, சேர்ந்த தேதி எல்லாவற்றையும் இறக்கி, மாமா பெண்ணின் கணினியில் ஒரு பிரதி வைக்கிறோம். கணக்கில் அவளும் ஒரு நிர்வாகி. கடவுச்சொல் நீளநோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பாதுகாப்புத் துறை நண்பர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். சுந்தரி பாலா ராய்க்கு யாரும் கடவுச்சொல் கேட்கவில்லை.

மூன்றாவது, தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். சில அனுப்பும் கருவிகள் அதை எண் வடிவக் குறியீடாக மாற்றிவிடும், அப்போது 7 பைட். கடிதம் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் பாதியில் வெட்டி, மீதியை ஓர் இணைப்புக்குப் பின்னால் மறைத்துவிடுகிறது. இங்கிலீஷில் எழுதுகிறவருக்கு இது அவ்வளவு சீக்கிரம் எட்டாத எல்லை. நமக்கு ஒரு நீள அத்தியாயமே போதும். மாமாவின் சில அத்தியாயங்களை இரண்டாகப் பிரித்தேன்.

நான்காவது என்னுடைய தப்பு. இடைவெளி நாட்களைப் போடும்போது ஓர் இடத்தில் கவனக்குறைவாக இருந்துவிட்டேன். மூன்றாம் வாரம் சோளிங்கரிலிருந்து மாமாவின் பழைய சக ஆசிரியர் போன் செய்தார். "வாத்தியாரே, மூணு வந்துடுச்சி, ரெண்டைக் காணோமே?" என்றாராம். திருத்திவிட்டு, எல்லோருக்கும் மாமா பெயரில் ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன். மாமாவுக்கு என்னவோ சந்தோஷம்தான். "பாத்தியா, எண்ணிக்கிட்டே படிக்கிறார்!" என்றார்.

தறி ஓட்டும் பையன் ஒருவன் நாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விளக்க ஜக்கார்டைக் காட்டினேன். தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்து மாலையாகத் தொங்கும். ஒவ்வொரு அட்டையும் அந்த ஊடைக்கு எந்த இழை மேலே போக வேண்டும் என்று சொல்லும். அடுத்தது என்ன என்பது அட்டைக்குத் தெரியும், நெய்கிறவர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். 1804-ல் பிரான்சில் வந்தது. இன்றைய தானியங்கி வரிசைக்கெல்லாம் அதுதான் பாட்டன் என்று பெருமையாகச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "பாவு தீந்துட்டா நின்னுடும் சார். அதை ஆளுதான் உக்காந்து இழை இழையா சேக்கணும்" என்றான்.

இதெல்லாம் நடந்து ஐந்தாறு மாதம் கழித்து ஒரு பதில் வந்தது. பட்டியலில் இருந்த ஒருவரின் மகள் எழுதியிருந்தார். அப்பா போன மாதம் தவறிவிட்டார், கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, தயவுசெய்து நிறுத்திவிடுங்கள் என்று. யாரென்று பார்த்தேன். இரண்டைக் காணோம் என்று போன் செய்த அதே சோளிங்கர் ஆசிரியர். தகவல் மாமாவுக்கு வந்து சேரவே இல்லை. வரிசை மட்டும் செத்தவருக்கு நாலு அத்தியாயம் அனுப்பியிருக்கிறது.

ஒரு பொத்தானைத் தட்டிப் பெயரை எடுத்துவிட்டு மாமாவுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எதுவரைக்கும் படிச்சாராம்?" என்று கேட்டார். திறந்து பார்த்த பதிவைப் பார்த்துச் சொன்னேன்: பத்தொன்பது. மறுநாள் மீதி எட்டு அத்தியாயத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு சோளிங்கருக்குப் பஸ் ஏறினார். அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, துக்கம் விசாரித்துவிட்டு வந்தார்.

இப்போது இருபத்தொன்பது அத்தியாயம் ஆகியிருக்கிறது. முடிவுக் கடிதத்தை இரண்டு தடவை பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ ஊர் நூலகத்திலோ இராமாநுஜாசாரியார் பாரதத்தின் பழைய பகுதிகள் இருந்தால், முதல் பக்கத்தில் யார் பெயராவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை பர்வம் இருக்கிறது, எதோடு நிற்கிறது என்றும் பாருங்கள். எனக்கு எழுதினால் தொகுத்து ஒரு பதிவு போடுகிறேன். அனுப்பியவர் கதை நமக்குத் தெரியும். வாங்கிக் காத்திருந்தவர்கள் கதைதான் இன்னும் யார் வீட்டுப் பரணிலோ இருக்கிறது.